புதுப்பிப்பு: டெக்சாஸ் ஆசிரியர் சான்றிதழ் கிடைத்துவிட்டது

பிறந்த மாதம் முடிவதற்குள் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பயிற்சி மணிநேரமோ குறைகிறது என்று மூன்று வாரங்களுக்கு முன் கலங்கி எழுதியிருந்தேன். வேலை முடிந்துவிட்டது!

டெக்சாஸில் வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு 5 ஆண்டுகளில் 150 மணிநேரத் தொடர் பயிற்சி தேவை. என்னிடம் 118 மணிநேரத்துக்குத்தான் சான்று இருந்தது. முன்பு பணிபுரிந்த பள்ளியில் கேட்டபோது, பழைய பதிவுகள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அங்கே என்னுடன் இருந்த அக்கா ஒருவர்தான், “கோடைப் பயிலரங்கச் சான்றுகள் மின்னஞ்சலில் வந்திருக்கும், தேடிப் பார்” என்றார். அத்தனையும் இருந்தன. கண் கலங்கிவிட்டது.

விண்ணப்பத்தோடு சான்றுகளை அனுப்ப வேண்டியதில்லை, பயிற்சியை முடித்ததாக உறுதியளிக்க வேண்டும். ஆனால் தணிக்கை வந்தால் காட்டியாக வேண்டும். தயவுசெய்து ஒரு தாளையும் தொலைத்துவிடாதீர்கள். காலாவதிக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

அன்று தைரியம் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.