‘இணைப்பு மறுக்கப்பட்டது’: இரண்டு பிழைகளுக்கு ஒரே சொல் போதுமா?

காரைக்குடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். குறைநிரல் செயலி உருவாக்கி (அதிகம் நிரல் எழுதாமலே செயலி அமைக்க உதவும் மென்பொருள்) ஒன்றின் பிழைச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் தரவுத்தள இணைப்புப் பகுதிக்கு வந்திருக்கிறோம். வரைவில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’, ‘ஆக்சஸ் டினைடு’ ஆகிய இரண்டும் ‘மறுக்கப்பட்டது’ என்றே முடிகின்றன. இதனால் பழுது நீக்க உட்காருபவருக்கு எங்கே கைவைப்பது என்பதே தெரியாமல் போகிறது.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றில் ஆர்டர்களைப் பதிவுசெய்ய இதே உருவாக்கியில் ஒரு சிறு செயலியை அமைத்தார்கள். உருவாக்கி டாக்கர் கலத்துக்குள், அதாவது கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்துவைத்த ஓர் இடத்துக்குள், ஓடியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ அதே லினக்ஸ் கணினியில் கலத்துக்கு வெளியே இருந்தது. ஹோஸ்ட் (தரவுத்தளம் இருக்கும் கணினியின் முகவரி) என்ற கட்டத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ (‘இதே கணினி’) என்றும், போர்ட் (அக்கணினியில் தரவுத்தளத்துக்கு உரிய வாயில் எண்) 5432 என்றும் நிரப்பியிருந்தார்கள். கலத்துக்குள்ளிருந்து பார்த்தால் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கலமேதான். அதற்குள் தரவுத்தளம் ஏது? ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று திரையில் வந்ததும், கடவுச்சொல்தான் தவறு என்று எண்ணிய பட்டறைக் கணக்கர் அதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். கடவுச்சொல் கேட்கும் இடம் வரை அந்த இணைப்பு போகவே இல்லை.

ஹோஸ்ட் முகவரியைத் திருத்திய பின்பும் அதே செய்திதான் வந்தது; ஏனெனில் போஸ்ட்கிரெஸ் இயல்பில் லோக்கல்ஹோஸ்ட் முகவரிக்கு வரும் இணைப்புகளை மட்டுமே கவனிக்கும். எந்த முகவரிகளில் கேட்பது என்று சொல்லும் ‘லிசன்_அட்ரசஸ்’ அமைப்பை மாற்றி மறுதொடக்கம் செய்த பிறகும் ‘மறுக்கப்பட்டது’ என்றே வந்தது. ஆனால் இம்முறை மறுத்தது தரவுத்தளமே. யாரை எங்கிருந்து உள்ளே விடலாம் என்று பட்டியலிடும் அதன் ‘பிஜி_எச்பிஏ’ கோப்பில் கலத்தின் முகவரிக்கு உரிய வரி எழுதப்படவில்லை. வேலை பாதிக்குமேல் முன்னேறியிருந்தும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதை அறிய வழியில்லை.

ஆகவே தரவுத்தளமே பேசி மறுக்கும்போது மட்டும் ‘அனுமதி மறுப்பு’ என்று வைத்துக்கொண்டு, அந்த போர்ட்டில் இணைப்பை ஏற்க எந்த நிரலும் இல்லாத நிலையை ‘ஏற்பாரின்மை’ என்று குறிக்கலாம் என்பது என் முன்மொழிவு.

தேவகோட்டையிலிருந்து:

அம்மா அவர்களின் பகுப்பு சரியானது. சொல்லில்தான் எனக்குத் தயக்கம். ‘ஏற்பார்’ என்றதும் இரந்து பெறுவோர் என்ற பழம்பொருள் பலருக்கு முன்னே வந்து நிற்கும். ‘கேட்பாரின்மை’ என்றால் என்ன? வலையமைப்புத் துறையில் ஒரு நிரல் போர்ட்டில் காத்திருப்பதைக் ‘கேட்டல்’ என்றுதான் வழங்குகிறார்கள்; அம்மா குறிப்பிட்ட அமைப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. ‘கேட்பாரற்றுக் கிடக்கிறது’ என்ற நம் வழக்கும் இதோடு ஒட்டிவருவதால், கலைச்சொல் அறியாதவருக்கும் பாதிப் பொருள் தானாகவே விளங்கிவிடும்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளியூரில் குடியேறிவிட்டவர்களின் பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவதும், காவலாள் இருக்கும் வீட்டில் ‘உங்களை உள்ளே விடச் சொல்லவில்லை’ என்ற பதிலோடு திரும்புவதும் ஒன்றல்ல. முன்னதில் எத்தனை பெயர் சொல்லி அழைத்தாலும் பயனில்லை. பின்னதில் சரியான பெயரைச் சொன்னால் கதவு திறக்கும்.

ஓர் ஐயம். எந்தப் பதிலும் வராமல் நேரம் கடந்துபோகும் பிழையையும் ‘கேட்பாரின்மை’ என்று எண்ணிவிட மாட்டார்களா?

காரைக்குடியிலிருந்து:

‘கேட்பாரின்மை’ என்னுடைய சொல்லைவிட நன்றாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன்.

ஐயா எழுப்பிய ஐயத்துக்கு விடை அப்பிழையின் இயல்பிலேயே இருக்கிறது. கேட்பாரில்லாதபோது எதிர்க்கணினியின் இயங்குதளம் ‘இங்கே யாரும் இல்லை’ என்று உடனே பதில் அனுப்பிவிடும். பிழையும் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். நேரம் கடந்துபோகும் பிழையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வருவதில்லை. காத்திருந்து அலுத்துப்போய் நம் செயலியே கைவிடுகிறது. முகவரி தவறாக இருக்கலாம், அல்லது இடையிலுள்ள தீயரண் (வலையமைப்பில் வருவதைத் தடுத்து வடிகட்டும் காவல்) சத்தமில்லாமல் தரவுப் பொட்டலங்களை விழுங்கலாம். நேற்று ஓடிய செயலி இன்று ஓடவில்லை என்று வரும் முறையீடுகளில் ஒரு பகுதி இந்த வகைதான்: மேகத் தரவுத்தளத்தின் அனுமதிப் பட்டியலில் அலுவலக ஐபி முகவரியைச் சேர்த்திருப்பார்கள், பிராட்பேண்ட் நிறுவனம் இரவோடு இரவாக வேறு முகவரியைக் கொடுத்திருக்கும். இதற்கு ‘மறுமொழியின்மை’ என்ற சொல் பொருந்தும்.

சில தீயரண்கள் விழுங்குவதற்குப் பதிலாக வெளிப்படையாகத் திருப்பி அனுப்பும். அப்போது நிரல் கேட்டுக்கொண்டிருந்தாலும் திரையில் ‘கேட்பாரின்மை’ என்றே வரும். அந்த நிலைக்கெனத் தனிச்சொல் ஆக்க வேண்டியதில்லை. விளக்க வரியில் ஒரு குறிப்புப் போதும். இணைப்புகள் மிகுந்து புதியவற்றுக்கு இடமில்லாதபோது ‘இடமின்மை’ எனலாம். போஸ்ட்கிரெஸில் இயல்பான உச்சவரம்பு 100. ‘இணைப்பு நிறைவு’ என்ற பழைய வரைவு, இணைப்பு வெற்றிகரமாக முடிந்தது என்ற பொருளையே தருவதால் அதை விட்டுவிடலாம்.

திரையில் வரவேண்டிய வரியை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ‘கேட்பாரின்மை: இந்த முகவரியின் 5432 போர்ட்டில் எந்த நிரலும் பதிலளிக்க முன்வரவில்லை. தரவுத்தளம் ஓடுகிறதா, ஹோஸ்ட் முகவரி சரியா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம்.’ கடைசித் தொடர் அதிகப்படியாகத் தோன்றினால் சொல்லுங்கள். பட்டறைக் கணக்கரை நினைத்துத்தான் அதைச் சேர்த்தேன்.