அப்பா கட்டிய வீடு ஏன் விற்கவில்லை?

கேள்வி: மதுரையில் காலஞ்சென்ற அப்பாவின் வீட்டை விற்க முயன்று வருகிறோம். பார்க்க வருபவர்கள் விலையைக் குறை சொல்வதில்லை. பத்திர நகலை வாங்கிச் சென்ற பிறகுதான் பேச்சு நின்றுவிடுகிறது. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. அதுதான் காரணமா?

பதில் 1: பெரும்பாலும் அதுதான். கடன் வாங்கி வீடு வாங்குபவரிடம் வங்கியின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), பொதுவாக 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது), இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா என அனைத்தையும் கேட்பார். ஒன்று குறைந்தாலும் கடன் இழுபறியாகிவிடும். முதலில் பட்டாவை வாரிசுகள் அனைவரின் பெயருக்கும் மாற்றுங்கள். சொத்து வரியையும் மின் இணைப்பையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி. அக்கா சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் கையொப்பமும் வேண்டுமா?

பதில் 2: கட்டாயம் வேண்டும். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவிக்கும், மகன்களுக்கும், மகள்களுக்கும், தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. அக்கா நேரில் வர இயலாவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை (தன் சார்பில் கையொப்பமிட ஒருவருக்கு உரிமை தரும் பத்திரம்) அனுப்பலாம்.

பதில் 3: முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வாங்குபவர் தலையில்தான் விழும் என்பதை விலை பேசும்போது மறவாதீர்கள். மொட்டை மாடியில் நீர்க்கசிவு இருந்தால் தளத்தைச் சரிசெய்யுங்கள். வெள்ளையடித்து மறைத்தால் அடுத்த மழையில் ஓதம் தெரிந்துவிடும்.