சந்தியாகு பாதை ஸ்டாம்புகள்: 16 தாளில் ஒரு ஃபிரேம் அடுக்குவது எப்படி?

பாறசாலை தபால்பெட்டி:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் திருப்பயணப் பாதையை வைத்து அஞ்சல் தலைக் கண்காட்சிக்கு ஒரு ஃபிரேம், அதாவது 16 தாள் கொண்ட ஒரு காட்சிச் சட்டம், தயார் செய்ய வேண்டும். கையில் ஸ்பெயின் ஸ்டாம்புகள் அறுபதுக்குப் பக்கம் இருக்கின்றன. எல்லாம் 1954, 1965, 1971, 1993, 1999, 2004, 2010 ஆகிய புனித ஆண்டுகளுக்கு வந்தவை. பிரான்ஸின் 2012 மினியேச்சர் ஷீட் ஒன்று. அதோடு, நடந்தே போய்வந்த ஒருவரின் திருப்பயணி அட்டை. அதில் வழியெங்கும் குத்திய நாற்பது முத்திரை.

கேள்விகள் நான்கு. ஆண்டு வாரியாக அடுக்குவதா, நாடு வாரியாகவா? அந்த அட்டையின் முத்திரைகளைத் தாளில் வைக்கலாமா? மழைக்காலத்தில் ஆல்பத்தில் சில ஸ்டாம்பு பசையோடு ஒட்டிக்கொண்டது, சிலவற்றில் பழுப்புப் புள்ளி; இரண்டுக்கும் என்ன வழி? கடைசித் தாளில் நம் பக்கத்துத் திருப்பயண மலைகளான தெக்கன் குரிசுமலையையும் காற்றாடிமலையையும் சேர்த்து முடிக்கலாமா?

கொல்லங்கோடு பல்லளவி:

வணக்கம் சார். ஆண்டு வாரியும் வேண்டாம், நாடு வாரியும் வேண்டாம். இரண்டும் ஆல்பத்துக்குச் சரி. கருப்பொருள் பிரிவில் நடுவர் தேடுவது கதையோட்டம். உங்கள் பொருளே ஒரு சாலை. அது எங்கே தொடங்கி எந்தெந்த ஊர் வழியாக எங்கே முடிகிறதோ, தாளும் அந்த வழியே போகட்டும். 1954 ஸ்டாம்புக்குப் பக்கத்தில் 2010 ஸ்டாம்பு வரலாம், ஸ்பெயினுக்கு நடுவே பிரான்ஸ் வரலாம். அப்படி வந்தால்தான் நல்லது.

மதிப்பெண் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். 100-இல் தலைப்பும் திட்டமும் 15, வளர்த்தெடுப்பு 15, புதுமை 5. பொருள் பற்றிய அறிவுக்கு 15, அஞ்சல் தலை அறிவுக்கு 15. ஸ்டாம்பின் நிலைமைக்கு 10, அருமைக்கு 20. தாளின் அழகுக்கு வெறும் 5. பலர் அந்த 5-க்காக வண்ணக் கரை, பூ வேலை என்று உழைத்துவிட்டு, முதல் தாளின் திட்டத்தை நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு தாளுக்குத்தான் இரண்டு வாரம் ஒதுக்க வேண்டும்.

நான் பிரிப்பதாக இருந்தால், முதல் தாள் தலைப்பும் திட்டமும். அடுத்த இரண்டு தாள், ஏன் இந்த ஊர் என்பதற்கு: இயேசுவின் சீடர், ஸ்பானியர் சந்தியாகோ என்று சொல்லும் செபதேயுவின் மகன் பெரிய யாகப்பர், 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் தெயோதோமிர் காலத்தில் அவர் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லும் மரபு, ஒவியேதோவிலிருந்து கிளம்பிப் போன இரண்டாம் அல்போன்சோ அரசர். அடுத்த ஒரு தாள் பயணியின் கோலம்: தடி, சுரைக்குடுக்கை, அகன்ற தொப்பி, சிப்பி. பிறகு பிரான்ஸின் நான்கு தொடக்கப் பாதைகளுக்கு இரண்டு தாள்: பாரிஸ்-தூர், வெஸலே, லெ புய், ஆர்ல். பிரெனே மலை கடந்ததும் ரொன்செஸ்வாயஸ், பம்ப்லோனா, புவென்தே லா ரெய்னா, புர்கோஸ், லெயோன், அஸ்தோர்கா, ஒ செப்ரெய்ரோ. இந்தப் பகுதிக்குக் குறைந்தது ஆறு தாள் கொடுங்கள். ஃபிரேமின் முதுகெலும்பு இதுதான். கடைசி நான்கு தாளில் பேராலயம், 1188-இல் மேல்விட்டம் ஏற்றப்பட்ட மாத்தேயோ சிற்பியின் மகிமை வாசல், பெரிய தூபக்கலசம், இன்றைய பாதை. இன்றைய பாதையில் மஞ்சள் அம்புக்குறியை விட்டுவிடாதீர்கள். 1980-களில் அதைப் பெயின்ட் அடித்து வழிகாட்டியவர் ஒ செப்ரெய்ரோ பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா. 1987-இல் ஐரோப்பிய மன்றம் இதை முதல் ஐரோப்பியப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது. 1993-இல் ஸ்பெயின் பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, 1998-இல் பிரான்ஸ் பகுதி.

புனித ஆண்டுகளை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். யாகப்பர் விழாவான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அது புனித ஆண்டு. இடைவெளி 6, 5, 6, 11 என்று சுழலும்: 1982, 1993, 1999, 2004, 2010, 2021. இந்தக் கணக்கை ஒரு சின்னக் குறிப்பாக எழுதிவிட்டால் போதும்.

இனி நீங்கள் கேட்ட அட்டை. வைக்கக் கூடாது. ஸ்பானிய மொழியில் ‘செல்யோ’ என்றால் அஞ்சல் தலை, அதே சொல்தான் ரப்பர் முத்திரைக்கும். நம் ‘முத்திரை’ மாதிரியே இரண்டு வேலை பார்க்கும் சொல். கோயிலிலும் தங்குமிடத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் குத்துவது பயணச் சான்று, 100 கி.மீ. நடந்ததற்கு, அல்லது சைக்கிளில் 200 கி.மீ. போனதற்கு, சான்றிதழ் வாங்க அது வேண்டும். ஆனால் அது அஞ்சல் துறை குத்தியதல்ல. கருப்பொருள் பிரிவில் அஞ்சல் சம்பந்தப்படாத ஒரு துண்டு உள்ளே இருந்தாலும் மதிப்பெண் இறங்கும். அட்டையைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் திறந்த பிரிவில் பதிவு செய்யுங்கள். அங்கே பாதிக்குக் குறையாமல் அஞ்சல் பொருள் இருந்தால் போதும், மீதிக்கு அட்டை, சிப்பி, வரைபடம் எல்லாம் வரலாம்.

செங்கோட்டை ஆல்பம்:

பல்லளவி அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அறுபது ஸ்டாம்பும் மிண்ட் (முத்திரை விழாத புதுசு) என்றால் 16 தாளும் ஒரே மாதிரி இருக்கும். நடுவருக்குப் பொருள் வகை வேண்டும்: முதல் நாள் உறை, அஞ்சல் அட்டை, ஸ்டாம்புக்குப் பதில் இயந்திரம் குத்தும் மீட்டர் முத்திரை, சிறப்பு முத்திரை, பட அட்டையின் படப்பக்கத்திலேயே ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்திய மேக்ஸிமம் கார்டு. முக்கியமாகப் பாதை ஊர்களின் சாதாரண அஞ்சலக முத்திரை. அஸ்தோர்கா என்று தெளிவாகப் படிக்கிற மாதிரி முத்திரை விழுந்த பழைய கடிதம் ஒன்று, அந்த ஊர்ப் படம் போட்ட பளபளப்பான ஸ்டாம்பைவிட உங்கள் கதையை நன்றாகச் சொல்லும். அந்தக் கடிதம் அந்தச் சாலையில் இருந்தே புறப்பட்டது.

மேக்ஸிமம் கார்டு வாங்கும்போது மூன்று பொருத்தம் பாருங்கள்: படம், இடம், காலம். ஸ்டாம்பில் உள்ளதே அட்டையிலும் இருக்க வேண்டும், முத்திரை அதற்குச் சம்பந்தமுள்ள ஊருடையதாக இருக்க வேண்டும், ஸ்டாம்பு புழக்கத்தில் இருந்தபோது குத்தியிருக்க வேண்டும். பேராலயப் படத்துக்கு மாட்ரிட் முத்திரை குத்தியதை நிறையப் பேர் விற்கிறார்கள். அது இரண்டாம் தரம்.

தேடும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. ‘சந்தியாகோ’ என்று போட்டால் சிலி நாட்டுத் தலைநகரும் கியூபாவின் ஊரும் வந்து குவியும், இரண்டும் வேண்டாம். தடியும் சிப்பியும் இருந்தால் யாகப்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் நாயும் தொடையில் புண்ணும் இருந்தால் அவர் புனித ரோக்கு. சின்ன யாகப்பர் வேறு ஆள், அவர் விழா மே 3. நம் எல்லைப் பக்கம் யாக்கோபாய சபை என்ற பெயரைக் கேட்டுப் பழகியவர்கள் அதையும் இதோடு முடிச்சுப் போடுவதுண்டு. அந்தப் பெயர் 6-ஆம் நூற்றாண்டு ஆயர் யாக்கோபு பரதேயுவிடமிருந்து வந்தது. இன்னொன்று, ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் ஒரே தலைப்பில் வெளியிடும் யூரோப்பா ஸ்டாம்புகளில், 2020-இல் வந்தவற்றில் பழைய சாலை வரைபடங்கள் இருக்கும். அந்த ஆண்டின் தலைப்பு பழங்கால அஞ்சல் வழிகள், திருப்பயணம் அல்ல.

1971 தொடரை வாங்கும்போது ‘முழு செட்’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். அது பல தவணையாக வந்தது, ஒரு தவணையை மட்டும் வைத்து முழுசு என்று விற்பார்கள். 1943-44 தொடரிலும் அதே மதிப்புகள் வேறு வேறு படத்தோடு திரும்ப வந்தன. ஸ்பெயின் ஸ்டாம்புகளுக்கான எடிஃபில் கேட்டலாக் எண்ணைக் கேட்டு, வரிசையை ஒப்பிட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். 2002-க்குப் பிந்தைய, கேள்விப்படாத நாட்டு ஸ்டாம்பு என்றால் உலக அஞ்சல் ஒன்றியத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எல்லா நாடும் சேரவில்லை. இல்லை என்றால் போலி என்று உடனே முடிவு கட்டாமல் மேலும் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம்.

மார்த்தாண்டம் ஈரப்பதம்:

மூன்றாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். நம் பக்கம் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஜூன் முதல் டிசம்பர் வரை ஆல்பம் உலர்வதற்கு இடைவெளியே இல்லை. மற்ற மாவட்டத்துக்காரர் சொல்லும் ‘வருஷத்துக்கு ஒரு தரம் காற்றாட வையுங்கள்’ என்பது இங்கே போதாது.

ஒட்டிக்கொண்டதைப் பிய்க்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச், அதற்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் ஒரு வலை, அதன் மேல் ஸ்டாம்பு, படம் மேலே பார்த்தபடி. ஸ்பாஞ்ச் தொடக் கூடாது, மூடியில் கோத்த நீர் சொட்டவும் கூடாது. மூடிக்கு உள்பக்கம் ஒரு மை ஒற்றும் தாளை ஒட்டிவிடுங்கள். மணிக்கொரு தரம் திறந்து, நுனி தட்டையான இடுக்கியால் மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். தானாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் மறுபடி மூடுங்கள். அவசரப்பட்டால் தாளின் மேல்தோல் உரியும். எடுத்ததும் பசைப்பக்கம் மேலே இருக்க நிழலில் ஆறவிட்டு, பிறகு கண்ணாடித்தாள் நடுவே வைத்து அழுத்துங்கள். பசை கலைந்திருக்கும், அதை இனி ‘ஹிஞ்ச் படாத மிண்ட்’ (ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள் படாத புதுசு) என்று யாருக்கும் விற்கவோ எழுதவோ கூடாது.

பழுப்புப் புள்ளி பூஞ்சணம். பரவும். புள்ளி விழுந்ததை இன்றே தனி உறையில் பிரித்து வையுங்கள். பிளீச்சிங் நீர் தொட்டுத் துடைப்பது வேண்டாம், நிறமும் தாளும் சேர்ந்து போகும். 1954, 1965 ஸ்டாம்புகளுக்கு நல்ல பிரதி கிடைப்பது கஷ்டமில்லை, மாற்றிவிடுவதே மேல்.

சேமிப்புக்கு மூடியில் ரப்பர் வாஷர் வைத்த காற்றுப்புகாத டப்பா. 20 லிட்டர் அளவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறத்து வகை. கரும்பச்சை ஆனால் ஈரம் நிறைந்துவிட்டது. ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி போடுங்கள். 45-க்கும் 55-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 40-க்குக் கீழே போனால் பசை வெடித்து ஸ்டாம்பு சுருளும், அதுவும் கெடுதல்தான். ஆல்பத்தைப் படுக்க வைத்து அடுக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். நாப்தலின் உருண்டை கூடவே கூடாது. சாதாரண பிவிசி உறையும் ஆகாது. அதிலிருந்து கசியும் எண்ணெய் சில ஆண்டில் மையை இழுத்துவிடும்.

காட்சித் தாளை இங்க்ஜெட்டில் அச்சடித்தால் மழைக்காலத்தில் எழுத்து கசியும். லேசர் பிரிண்ட், அமிலமில்லாத 160 முதல் 180 ஜிஎஸ்எம் தாள். சமீபத்து ஸ்பானிய உறைகளில் ஸ்டிக்கர் வகை ஸ்டாம்பு இருந்தால் ஊறவைக்காதீர்கள், தண்ணீருக்கு வராது. சுற்றிலும் 5 மி.மீ. தாளோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பாறசாலை தபால்பெட்டி:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. குரிசுமலைக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. இன்னொன்று: 1937 புனித ஆண்டுக்கு ஸ்பெயினில் வந்த செட் இல்லாமல் ஃபிரேம் நிற்குமா?

கொல்லங்கோடு பல்லளவி:

1937 செட் மூன்றே ஸ்டாம்பு: 15 சென்டிமோ, 30 சென்டிமோ, 1 பெசேதா. உள்நாட்டுப் போர் நடந்த நேரம். சந்தியாகோ ஊர் தளபதி ஃபிராங்கோ தரப்பின் கையில் இருந்ததால் அந்தத் தரப்பு மட்டும் வெளியிட்டது. இல்லாமலும் ஃபிரேம் நிற்கும். ஆனால் அருமைக்கான 20-இல் உங்களுக்குக் கை கொடுப்பது இப்படிப்பட்டதுதான். மூன்றும் முடியாவிட்டால், அந்த ஸ்டாம்பு ஒட்டித் தணிக்கை முத்திரை விழுந்த உறை ஒன்று தேடுங்கள். மிண்ட் செட்டைவிட அதற்கே நான் பணம் கொடுப்பேன். ஓரத்தில் பல் (துளை வரிசை) இல்லாத பிரதி என்று விலை ஏற்றிச் சொன்னால், நாலு பக்கமும் ஓரம் அகலமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பல்லைக் கத்தரித்து விற்பது பழைய வேலை.

குரிசுமலை வேண்டாம் சார். மனசுக்குப் பிடித்த முடிவுதான், ஆனால் சாலை சந்தியாகோவில் முடிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு தாள் வைத்தால் திட்டம் உடையும். வெள்ளறடை அஞ்சலக முத்திரை, நோன்புக்காலத்தில் மலையேறுகிறவர்கள் போட்ட கடிதங்கள், காற்றாடிமலைக்கு ஆரல்வாய்மொழி முத்திரை, புனித தேவசகாயத்தின் கல்லறைக்குக் கோட்டாறு முத்திரை என்று இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். அவர் 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டார், 2022 மே 15-இல் புனிதரானார். அது தனி ஃபிரேம், நம் பக்கத்துக்காரர் செய்தால்தான் சரியாக வரும்.

‘சந்தியாகு’ என்ற பெயர் நம் கடற்கரையில் எப்படி வந்தது என்பதை மட்டும் இரண்டாம் தாளில் ஒரு வரி எழுதலாம். போர்த்துக்கீசியரோடு வந்த அந்தப் பெயரில் தங்கச்சிமடத்தில் கோயிலே இருக்கிறது. அதை ஒரு ஸ்பானிய ஸ்டாம்பின் கீழே எழுதினால் பொருள் அறிவுக்கு மதிப்பெண் வரும், திட்டமும் கெடாது.

செங்கோட்டை ஆல்பம்:

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது விற்பவரிடம் சிஎன்22 சுங்கப் படிவத்தில் ‘சேகரிப்புக்கான அஞ்சல் தலைகள்’ என்றும் 9704 என்ற சுங்க எண்ணும் எழுதச் சொல்லுங்கள். வெறும் ‘தாள்’ என்று எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள். அப்போதுதான் மூலை மடங்கும்.

அடுத்த புனித ஆண்டு 2027. சந்தியாகோ அஞ்சலகத்தின் ஜூலை 25 முத்திரை வேண்டுமென்றால் இந்திய ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிப் பயனில்லை. ஸ்பெயினின் சி கட்டண ஸ்டாம்பை முன்கூட்டியே வாங்குங்கள். அதுதான் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பும் கட்டணம். உங்கள் முகவரி எழுதிய உறையில் வலது மேல் மூலையில் ஒட்டி, முத்திரை விழ இடப்பக்கம் 4 செ.மீ. வெற்றிடம் விட்டு, உள்ளே முத்திரை தெளிவாக விழ அழைப்பிதழ் அளவுக்குக் கெட்டியான தாள் வைத்து, எல்லாவற்றையும் பெரிய உறையில் போட்டு அந்த அஞ்சலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்பானிய மொழியில் இரண்டு வரி வேண்டுகோளும் இருக்கட்டும். ஜூன் முதல் வாரத்துக்குள் அங்கே போய்ச் சேருகிற மாதிரி கிளப்புங்கள். ஒன்றுக்கு மூன்று உறையாக அனுப்புங்கள்.