உவர்மலைக் குடும்பக் குழு: ‘பைபிளில் 101 முரண்பாடுகள்’

ஜெறோம்: (படம், பலமுறை பகிரப்பட்டது: ‘பைபிளில் 101 முரண்பாடுகள்’)

ஜெறோம்: பெரியப்பா, ராஜி அக்கா, இதை ஒருக்கா பாருங்கோ. முதலாவதே சிக்கல். யூதா நாட்டு அகசியா ராஜாவாகேக்க வயசு 22 எண்டு 2 இராஜாக்கள் 8:26. 42 எண்டு 2 நாளாகமம் 22:2.

மலர் மாமி: புத்தகத்தைத் திறந்து பாத்தியே, இல்லாட்டி படத்தைப் பாத்துட்டு அனுப்புறியே?

ஜெறோம்: திறந்து பாத்தன் மாமி. பழைய திருப்புதல் எண்ட தமிழ் மொழிபெயர்ப்பில ரெண்டு இடத்திலயும் அப்பிடியே கிடக்கு.

மலர் மாமி: என்ர புத்தகத்தில நாளாகமமே இல்லை.

ராஜி அக்கா: உங்களிட்ட இருக்கிறது 1995 பொது மொழிபெயர்ப்பு மாமி. அதில ‘குறிப்பேடு’ எண்டு தேடுங்கோ. இராஜாக்கள் அதில ‘அரசர்கள்’.

பெரியப்பா: 42 பிழைதான். பக்கத்து அதிகாரத்தைப் பார், 2 நாளாகமம் 21:20. தகப்பன் யோராம் 32 வயசில ராஜாவாகி 8 வருசம் ஆண்டு செத்தவன். ஆக 40. உடனே கடைசி மகன் அகசியாவை ராஜாவாக்குகினம். 42 எண்டால் மகன் தகப்பனுக்கு ரெண்டு வயசு மூப்பு. அதுவும் கடைசி மகன்!

ராஜி அக்கா: சிரியாக் மொழிபெயர்ப்பில அதே வசனத்தில 22. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில 20. 42 எபிரேயப் பிரதியில வருது. ஆங்கிலத்தில புதிய மொழிபெயர்ப்புகள் பல 22 எண்டு போட்டு அடிக்குறிப்பில காரணம் சொல்லும்.

பெரியப்பா: எபிரேயத்தில கஃப் எண்டா 20, மேம் எண்டா 40, எழுத்து மாறிப் போச்சு எண்டு கன பேர் சொல்லுவினம். நானும் முந்தி அப்பிடித்தான் சொன்னனான். ஆனா கையில இருக்கிற எபிரேயப் பிரதிகளில இலக்கத்தைச் சொல்லாலதான் எழுதியிருக்கு. ‘இருபது’, ‘நாற்பது’ எண்டு. அதால எழுத்துக் கதையை அடிச்சுச் சொல்லேலாது. எப்பிடிப் பிழைச்சது எண்டது ஊகம், பிழைச்சது மட்டும் நிச்சயம்.

ஜெறோம்: அப்ப வேதத்தில பிழை இருக்கு எண்டு பெரியப்பாவே ஒத்துக்கொள்ளுறார்!

பெரியப்பா: பிரதியில இருக்கு எண்டு சொன்னனான். பிழையே இல்லை எண்டு சொல்லுற ஆக்களின்ர 1978 சிக்காகோ அறிக்கையே மூலப் பிரதியைப் பற்றித்தான் பேசுது, படி எடுத்த பிரதிகளைப் பற்றி இல்லை.

கண்ணன் அத்தான்: மாமா, குறை நினைக்கக் கூடாது. கணக்கு ஓடிற்றில ‘வவுச்சர் துலைஞ்சு போச்சு, ஆனா துலைஞ்ச வவுச்சரில எல்லாம் சரி’ எண்டு சொன்னா நான் கையெழுத்து வைக்க மாட்டன்.

ராஜி அக்கா: அத்தான் சொல்லுறது ஞாயம். மூலப் பிரதி ஒண்டும் எவரிட்டயும் இல்லை, ஆனபடியா அதில பிழை இல்லை எண்டதை எவரும் சோதிச்சுப் பாக்கேலாது. ஆனா வவுச்சர் துலைஞ்சாலும் கார்பன் கொப்பி நாலஞ்சு வேற வேற கந்தோரில இருந்தா ஒண்டோட ஒண்டை ஒப்பிடலாம்தானே. கோலியாத்தின்ர உயரத்தைப் பாருங்கோ, 1 சாமுவேல் 17:4. எபிரேயத்தில 6 முழம் 1 சாண். முழத்துக்கு 18 அங்குலம், சாணுக்கு 9 போட்டா 9 அடி 9 அங்குலம். எழுபதின்மரில 4 முழம் 1 சாண், 6 அடி 9 அங்குலம். கிரேக்கர் குறைச்சிட்டினம் எண்டு நினைக்கலாம். ஆனா சாக்கடல் பக்கம் கும்ரான் 4ஆம் குகையில 1952இல கிடைச்ச சாமுவேல் சுருளில, எபிரேயத்திலயே, 4 முழம்தான்.

கண்ணன் அத்தான்: 6 அடி 9 எண்டால் கூடைப்பந்து விளையாட்டுக்காரன்.

ஜெறோம்: அந்தக் கோலியாத்தைக் கொன்றது ஆர்? படத்தில 9ஆவது: 1 சாமுவேல் 17இல தாவீது, 2 சாமுவேல் 21:19இல எல்க்கானான்.

பெரியப்பா: இது வயசு மாதிரி லேசில்லை. 2 சாமுவேல் எபிரேயத்தில எல்க்கானான் கோலியாத்தை வெட்டினான் எண்டுதான் இருக்கு. 1 நாளாகமம் 20:5இல அதே எல்க்கானான் கோலியாத்தின்ர சகோதரன் லாகேமியை வெட்டுறான். 1611 ஆங்கில மொழிபெயர்ப்புக்காரர் ‘சகோதரனை’ எண்ட சொல்லை 2 சாமுவேலில தாங்களாச் சேர்த்தவை. நேர்மையா, பிற்காலப் பதிப்புகளில அது சாய்ந்த எழுத்தில இருக்கும். சாய்ந்த எழுத்து எண்டால் மூலத்தில இல்லை எண்டு அர்த்தம். வெறும் மொழிபெயர்ப்பை மட்டும் வாசிக்கிற ஆளுக்கு முரண்பாடே தெரியாது.

ராஜி அக்கா: நாளாகமக்காரர் பழைய வசனத்தைப் பாத்துச் சரிப்படுத்தினாரோ, சாமுவேல் பிரதியில சொல் விழுந்ததோ எண்டு அறிஞர்களுக்குள்ளயே ரெண்டு பக்கம். நான் முதலாவது பக்கம் சாயிறன்.

பெரியப்பா: நான் ரெண்டாவது.

மலர் மாமி: தமஸ்கு போற வழியில பவுலுக்கு வானத்துச் சத்தம் கேட்டதையும் பாருங்கோ. அதை நானே கவனிச்சிருக்கிறன். அப்போஸ்தலர் 9:7இல கூட வந்த ஆக்கள் சத்தத்தைக் கேட்டவை, 22:9இல கேக்கேல்ல.

ராஜி அக்கா: நல்ல கேள்வி மாமி. கிரேக்கத்தில ரெண்டு இடத்திலயும் ‘அகூவோ’ எண்ட ஒரே வினைதான். 9:7இல ‘சத்தம்’ ஆறாம் வேற்றுமையில, 22:9இல இரண்டாம் வேற்றுமையில. முதலாவது எண்டா ஒலி காதில விழுந்தது, மற்றது எண்டா சொல் விளங்கினது எண்டு பிரசங்கத்தில சொல்லுவினம். தமிழிலயும் ‘அவன் சொல்லுக் கேக்க மாட்டான்’ எண்டா காது செவிடு எண்டு அர்த்தமில்லைத்தானே. ஆனா இந்த இலக்கணம் முழுசா நிக்காது. 22:7இல பவுலுக்கு விளங்கின சத்தமே ஆறாம் வேற்றுமையில வருது. 9:4இல அதே சத்தம் இரண்டாம் வேற்றுமையில. லூக்கா ரெண்டையும் கலந்துதான் எழுதுறார். அர்த்தத்தை வச்சுச் சமாதானம் சொல்லலாம், வேற்றுமையை வச்சு நிறுவேலாது.

கண்ணன் அத்தான்: நான் இங்க எஸ்றா 2ஐயும் நெகேமியா 7ஐயும் கூட்டிக்கொண்டிருந்தனான். பாபிலோனில இருந்து திரும்பின ஆக்களின்ர ஒரே பட்டியல். ரெண்டிலயும் கடைசித் தொகை 42,360. ஆனா வரிகளைக் கூட்டினா எஸ்றாவில 29,818, நெகேமியாவில 31,089. முதலாவதில 12,542 பேரைக் காணேல்ல, மற்றதில 11,271 பேர். அஸ்காத் வம்சம் ஒண்டில 1,222, மற்றதில 2,322. ஆராக் 775, மற்றதில 652. பாடகர் 200, மற்றதில 245.

மலர் மாமி: வேலைக்காரரை விட்டிட்டியோ மருமகன்?

கண்ணன் அத்தான்: இல்லை மாமி, 7,337 வேலைக்காரர் தனி எண்டு ரெண்டு இடத்திலயும் இருக்கு. அதைச் சேக்கக் கூடாது.

பெரியப்பா: நான் கூட்டிப் பாத்ததே இல்லை. மற்றக் கோத்திரத்து ஆக்களும் பெண்களும் விடுபட்டவை எண்டு சில உரைகளில இருக்கு, ஆனா வசனத்தில அப்பிடி ஒரு வரியும் இல்லை. ஒண்டு கவனி: படி எடுத்த ஆக்கள் திருத்த நினைச்சிருந்தா இந்த ரெண்டையும்தான் முதல்ல ஒண்டாக்கியிருப்பினம். செய்யேல்ல. பிழை தெரிஞ்சாலும் வந்தபடியே எழுதியிருக்கினம்.

ஜெறோம்: இயேசுவைக் காட்டிக்குடுத்த யூதாஸ் எப்பிடிச் செத்தவன்?

ராஜி அக்கா: மத்தேயு 27:5இல நாண்டுகொண்டு செத்தவன். அப்போஸ்தலர் 1:18இல தலைகீழா விழுந்து வயிறு வெடிச்சுச் செத்தவன். நிலத்தை வாங்கினது மத்தேயுவில குருமார், அப்போஸ்தலரில அவனே. கயிறு அறுந்து விழுந்தவன் எண்டு சேர்த்துச் சொல்லுவினம். அறுந்த கயிறு ரெண்டு புத்தகத்திலயும் இல்லை.

ஜெறோம்: அப்ப நான் மிச்சத்தை எப்பிடிப் பாக்கிறது? 101 இருக்கு.

ராஜி அக்கா: வசனத்தை மட்டும் பாக்காம ரெண்டு அதிகாரத்தையும் முழுசா வாசி. பழைய திருப்புதலையும் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில பக்கத்தில வை. ரெண்டும் வேற மாதிரிச் சொன்னா, கீழ எபிரேயமோ கிரேக்கமோ சிக்கலா இருக்கு எண்டு அடையாளம். இலக்கம், பேர் எண்டா முதல்ல பிரதியைச் சந்தேகப்படு. சொல் எண்டா மொழிபெயர்ப்பை. ஒருத்தர் தாற விளக்கத்துக்கு ரெண்டு இடத்திலயும் இல்லாத ஒண்டைச் சேக்க வேண்டியிருந்தா, அந்தக் கயிறு மாதிரி, ‘ஊகம்’ எண்டு பென்சிலால எழுது. உன்ர பேர் கொண்ட புனித ஜெறோமுக்கு அகுஸ்தீனார் எழுதின கடிதத்தில மூண்டு வழிதான் சொல்லுறார்: பிரதி பிழை, மொழிபெயர்த்த ஆள் விளங்கேல்ல, இல்லாட்டி எனக்கு விளங்கேல்ல.

கண்ணன் அத்தான்: நாலாவது வழி, எழுதின ஆளே பிழைவிட்டது?

ராஜி அக்கா: அகுஸ்தீனார் அந்தக் கதவைப் பூட்டிப்போட்டார். நான் பூட்டேல்ல. லூக்கா 2:2. சிரேனியு சீரியாவில தேசாதிபதியா இருக்கேக்க முதலாம் குடிமதிப்பு எண்டு இருக்கு. யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் எழுதினபடி அந்தக் குடிமதிப்பு கி.பி. 6இல, ஏரோதின்ர மகன் அர்கெலாவைக் கலைச்ச பிறகு. மத்தேயுவில இயேசு பிறக்கேக்க ஏரோது உயிரோட. ஏரோது செத்தது கி.மு. 4 எண்டுதான் பெரும்பாலும் கணக்கிடுகினம். பத்து வருசம் கிட்ட இடைவெளி.

பெரியப்பா: ‘முதலாம்’ எண்ட கிரேக்கச் சொல்லை ‘அதுக்கு முந்தின’ எண்டும் எடுக்கலாம். சிரேனியு முந்தியும் ஒருக்கா அங்க இருந்திருக்கலாம்.

ராஜி அக்கா: ஏரோதின்ர கடைசி வருசங்களில சீரியாவில இருந்தது சத்துர்னினுவும் வாருவும். சிரேனியுவுக்கு அங்க இடமில்லை. ‘முந்தின’ எண்ட வாசிப்பு கிரேக்க இலக்கணத்துக்குக் கஷ்டம், பாதுகாக்கிறதுக்காகத்தான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு.

மலர் மாமி: மறைக்கல்விப் பிள்ளையள் கேட்டா என்னடி சொல்லுவாய்?

ராஜி அக்கா: லூக்கா ஆண்டைப் பிழையா எடுத்திருக்கலாம் எண்டு சொல்லுவன். எங்கட கத்தோலிக்கத் திருச்சபையின்ர இரண்டாம் வத்திக்கான் சங்கத்து 1965 ஏடு, மீட்புக்காகக் கடவுள் எழுத விரும்பின உண்மையைப் பிழையில்லாமல் தருது எண்டுதான் சொல்லுது. சீரியாவின்ர தேசாதிபதி பட்டியல் அதுக்குள்ள வராது எண்டு எனக்குப் படுது.

பெரியப்பா: நான் அப்பிடிச் சொல்ல மாட்டன்.

ராஜி அக்கா: தெரியும் பெரியப்பா.

கண்ணன் அத்தான்: அப்ப அகசியா பிரதிப் பிழை. சத்தம் பாதி சரி. எஸ்றா கூட்டு வரேல்ல. சிரேனியு வழக்குத் தவணை.

ஜெறோம்: அடுத்தது 18. மாற்குவில சேவல் ரெண்டு தரம் கூவமுந்தி பேதுரு மூண்டு தரம் மறுதலிப்பான். மற்ற மூண்டு பேரும் ரெண்டு தரம் எண்டு சொல்லேல்ல. எத்தினை தரம்?

மலர் மாமி: விடியச் சேவல் கூவேக்க எண்ணிப் பாப்பம். போய்ப் படுங்கோ.