டிஎஃப் 38 ஜிபி என்கிறது, டியு 22 ஜிபி என்கிறது. மீதி எங்கே போனது?

கேள்வி:
உபுண்டு சர்வர். ரூட் பார்ட்டிஷன் 40 ஜிபி, இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம். டிஸ்க்கில் போன இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை அடித்தால் 38 ஜிபி போய்விட்டது, 100% நிரம்பியது என்று வருகிறது. சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு), வேறு மவுன்ட்டுக்குள் (அடைவில் இணைத்த வேறு டிஸ்க்குக்குள்) போகாமல் இருக்க எக்ஸ் (-x) ஆப்ஷனும் போட்டு, ஃபைல் அளவுகளைக் கூட்டும் டியு (du) ஓட்டினால் 22 ஜிபிதான். 14 ஜிபி லாக் ஃபைல் ஒன்றை ஆர்எம் போட்டு அழித்தும் இடம் கிடைக்கவில்லை. ஐநோடு (ஃபைல்களுக்கான பதிவு இடங்கள்) 11% மட்டுமே நிரம்பியிருக்கிறது. வேறெங்கே தேடுவது?

பதில் 1:
அந்த 14 ஜிபி இன்னும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஆர்எம் பெயரைத்தான் எடுக்கும். ஃபைலை ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைத்திருக்கும் வரை அது பிடித்த பிளாக்குகள் விடுபடாது. டியு பெயர் பெயராகப் போய்க் கூட்டுவதால் அதற்கு இது தெரியாது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தின் கணக்கையே கேட்கிறது.

திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை சூடோவோடு அடித்து, கூடவே பிளஸ் குறி, பெரிய எல், 1 மூன்றையும் இடைவெளி இல்லாமல் (+L1) கொடுங்கள். பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்கள் மட்டும் வரும். எந்த சர்வீஸ் என்று பார்த்து ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ரீஸ்டார்ட் செய்யவே முடியாது என்றால், அந்தப் பட்டியலின் எஃப்டி (FD, திறந்த ஃபைலின் எண்) பத்தியில் 12டபிள்யூ என்பதுபோல் இருக்கும். அதில் எண்ணை மட்டும் எடுங்கள். ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண், அதற்குள் எஃப்டி, அதற்குள் 12 (/proc/ப்ராசஸ் எண்/fd/12). அதன்மேல், ஃபைலின் அளவை மாற்றும் ட்ரங்கேட் (truncate) கட்டளையை அளவு 0 கொடுத்து ஓட்டுங்கள். லாக் ஃபைலுக்கு மட்டும்தான் இது. டேட்டாபேஸின் தற்காலிக ஃபைலில் தயவுசெய்து கை வைக்காதீர்கள், தரவு கெட்டுவிடும்.

பதில் 2:
அந்த 14 ஜிபியைச் சேர்த்தாலும் 36 ஜிபிதான் ஆகிறது. மீதி 2 ஜிபி ஏதாவது மவுன்ட்டுக்கு அடியில் கிடக்கலாம். பேக்கப் டிஸ்க் மவுன்ட் ஆகாத நாளில் ஸ்கிரிப்ட் ஓடினால், அந்த வெற்று அடைவுக்குள், அதாவது ரூட் பார்ட்டிஷனிலேயே எழுதிவிடும். பிறகு டிஸ்க் மேலே ஏறியதும் அது கண்ணில் படாது. ரூட்டை வேறொரு காலி அடைவில் பைண்ட் மவுன்ட் (ஓர் அடைவை இன்னோர் இடத்திலும் காட்டுவது) செய்து அங்கே டியு ஓட்டுங்கள். மற்ற மவுன்ட்டுகள் கூட வராததால் அடியில் இருப்பது தெரியும். பைண்டுக்குப் பதில் ஆர்பைண்ட் (rbind) ஆப்ஷன் போட்டால் அவையும் கூடவே வந்து மறைத்துவிடும்.

38 ஜிபிக்கே 100% காட்டுவது தவறல்ல. இஎக்ஸ்டி4 வழக்கமாக 5% பிளாக்குகளை ரூட் பயனருக்கென (நிர்வாகிக்கென) ஒதுக்கும். உங்களுக்கு அது 2 ஜிபி.

பதில் 1:
இனி ஓடும் லாக்கை ஆர்எம் செய்யாமல் ட்ரங்கேட் செய்யுங்கள். பழைய லாக்குகளை ஒதுக்கிப் புதிதாகத் தொடங்கும் லாக்ரொட்டேட்டில் அந்த சர்வீஸுக்கு போஸ்ட்ரொட்டேட் பகுதி (ஒதுக்கிய பின் ஓடும் கட்டளைகள்) இருக்கிறதா என்றும் பாருங்கள். புது ஃபைலைத் திறக்கச் சொல்லி சர்வீஸுக்கு சிக்னல் போகாவிட்டால் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ரொட்டேஷனில் அது அழியும்போது இதே நிலைதான் வரும்.