ஓவியம், கதை, போட்டோ வழியா வரலாறு புரியுமா?

கேள்வி: பாடப்புத்தகத்துல போர்னா வருஷமும் செத்தவங்க கணக்கும்தான் இருக்கு, மனசுல எதுவுமே ஒட்ட மாட்டேங்குது. ஓவியம், நாவல், போட்டோன்னு போனா நல்லா புரியுமா, இல்ல தப்பா புரிஞ்சுக்குவோமா?

பதில் 1: கண்டிப்பா புரியும்ங்க. பிக்காசோவோட குவெர்னிகா ஓவியத்தப் பாருங்க, 1937 ஏப்ரல் 26ல குவெர்னிகாங்கற ஸ்பெயின் ஊர் மேல விமானத்துலருந்து குண்டு போட்டாங்க, அதே வருஷம் வரைஞ்சது, ஏழே முக்கால் மீட்டர் அகலம், வெறும் கறுப்பு வெள்ளை சாம்பல்தான், இடது பக்கம் ஒரு அம்மா செத்த குழந்தைய ஏந்திக்கிட்டு தலைய அண்ணாந்து அலறுறா. அதப் பார்த்தப்புறம்தான் குண்டுவீச்சுன்னா என்னன்னே எனக்கு உறைச்சுது.

பதில் 2: அது உண்மைதான், ஆனா எப்ப செஞ்சாங்க, யாருக்காகன்னும் பாக்கணும். 1808 மே 3ல பிரெஞ்சுப் படை ஸ்பெயின்காரங்களச் சுட்டுக் கொன்னத ஸ்பெயின் ஓவியர் கோயா வரைஞ்சது 1814லதான், அதுக்குள்ள அந்தப் படையே வெளியேறிடுச்சு. போட்டோவும் அப்படித்தான், ரஷ்யாவ எதிர்த்து பிரிட்டன், பிரான்ஸ் எல்லாம் நடத்துன கிரிமியப் போர்ல 1855ல ரோஜர் ஃபென்டன்ங்கற இங்கிலாந்து போட்டோகிராபர் ஒரே இடத்த ரெண்டு தடவ எடுத்தாரு, ஒண்ணுல ரோடு பூரா பீரங்கிக் குண்டு சிதறிக் கிடக்கு, இன்னொண்ணுல ரோடு காலி. எது முதல்ல எடுத்தது, போட்டோவுக்காகவே குண்ட ரோட்டுல பரப்பி வெச்சாங்களான்னு பெரிய விவாதமே நடந்துச்சு.

கேள்வி கேட்டவர்: அந்த ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு இப்பவே பாக்கறேன், ரொம்ப நன்றிங்க.