புளோட் சார்ஜுக்குச் சொல் வேணும், திங்கள் வகுப்பு

கல்லடியிலிருந்து:
வணக்கம் எல்லாருக்கும். திங்கக்கிழம சோலார் வகுப்பு, கைநூல் மொழிபெயர்ப்பு பாதிதான் முடிஞ்சிரிக்கு. இங்கிலீசு மூலம், வெள்ளக்காரன் கரவனைப் (இழுத்துக்கிட்டுப் போற வண்டிவீடு) பனிக்காலத்துக்குப் பூட்டி வெச்சா அதுக்குள்ள லைட்டுக்கு இரிக்கிற லெஷர் பெற்றறிய எப்பிடிப் பாக்கிறது எண்டு. நமக்கு அது யானைக்காவல் பரண்ல லைட்டுக்கு வெக்கிற 12 வோல்ட் பெற்றறிதான், அறுவடை முடிஞ்சா மூலையில கிடக்கும். ஈய அமிலப் பெற்றறி சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும், 12.4 வோல்ட்டுக்குக் கீழ கனநாள் விட்டா தகட்டுல சல்பேற்று இறுகிச் செத்துரும், அதால நிறைஞ்ச பிறகும் 13.5 வோல்ட் போல குடுத்துக்கிட்டே இரிக்கணும். அந்த புளோட் சார்ஜுக்கு "மிதவை மின்னேற்றம்" எண்டு போட்டன், வகுப்புல பாதிப்பேர் தோணிக்காரர், வலையில கட்டுற மிதப்பா சேர் எண்டு கேக்கிறாங்க. லெஷர் பெற்றறிய "ஓய்வு மின்கலம்" எண்டா பென்ஷன் எடுத்த பெற்றறி மாதிரி இரிக்கு.

காரைதீவிலிருந்து:
தம்பி, மின்னேற்றம் எண்டா பௌதிகத்துல கூலோம் எண்ட அலகுல அளக்கிற பொருள். வேலைக்கு அல் விகுதி போட்டு மின்னேற்றல் எண்டுதான் வரணும். 1936ல சென்னையில கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கின விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர்ல இருந்துக்கிட்டு இதச் சொல்லாம விடேலாது. என்ட சொல் நிறைகாப்பு. நிறைஞ்சதக் காக்கிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
"நிறைகாக்கும் காப்பே தலை", குறள் 57. அங்க நிறை எண்டா கற்பு சேர். பெற்றறிக்குக் கற்பா? பொடியன்மார் சிரிச்சே வகுப்பு முடிஞ்சிரும். விஞ்ஞானப் புத்தகத்துல நிறை எண்டா பாரம், ஒருத்தன் பெற்றறியத் தராசுல வெப்பான்.

காரைதீவிலிருந்து:
பாரம் நிறு எண்ட வினையில இருந்து வந்த நிறை, நான் சொல்றது நிறைகுடத்து நிறை. வேர் வேற, நாளைக்கு விரிவா எழுதுறன்.

அக்கரைப்பற்றிலிருந்து:
எழுதாதீங்க சேர், அதுக்குள்ள பெற்றறி மௌத்தாயிரும். என்ட கடைக்கு ஆரும் மின்னேற்றல் கேட்டு வாறல்ல, "சார்ஜ் போட்டுத் தாங்க காக்கா", அவ்வளவுதான். மறுகா இன்னொண்டு, இப்ப லித்தியம் பெற்றறி வருது, அத முழுசா நிரப்பிப் பூட்டி வெக்கப்படாது, பாதியில கழட்டி வெச்சாப் போதும். அங்க உங்கட நிறைகாப்புச் சொன்னா பெற்றறிக்குத்தான் கேடு.

கல்லடியிலிருந்து:
அப்ப ஈய அமிலத்துக்கு மட்டும் எண்டு போடுறன். பெற்றறி இறங்கிக் கிடந்தா குளிர்ல உறைஞ்சு வெடிக்கும் எண்டும் மூலத்துல இரிக்கு, அதையும் பெயர்க்கணுமா?

அக்கரைப்பற்றிலிருந்து:
அம்பாறையில எங்க கா உறையிற? அத எடுத்துப்போட்டு வெயிலப் பத்தி எழுதுங்க, சூடு பத்துப் பாகை கூடினா இறங்கிற வேகம் கிட்டத்தட்ட ரெட்டியாகும். தகரக் கூரைக்குக் கீழ வெக்க வேணாம் எண்டு சொல்லுங்க.

கல்லடியிலிருந்து:
சரி, மூணு பேர் தனிமடல்லயும் நிறைகாப்பு எண்டுட்டாங்க. "நிறைகாப்பு மின்னேற்றல், அதாவது புளோட் சார்ஜ்" எண்டு அச்சுக்குக் குடுத்திட்டன். லெஷர் பெற்றறிக்கு ஒண்டும் அம்பிடல்ல, "பரண் பெற்றறி" எண்டு விட்டுட்டன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
அச்சுக்குப் போனாப் போகட்டும், நான் ஒத்துக்கல்ல. ரெண்டாம் பதிப்புக்கு "தணிவேற்றல்", தணிஞ்ச அளவுல ஏத்துறது, எண்டு குறிச்சு வெச்சுக்கோங்க.